அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெண்கள் இணைப்பில் தாய்மார்களின் மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதைப் பேசியதற்கு முதலில் நன்றி, ஏனென்றால் எங்கள் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே "பிள்ளை வரம் கேட்டு எத்தனை பேரு கோயில் கோயிலா அலையுறாக, உனக்கு இருக்கிறது கசக்குதா" என்றுதான் பதில் வரும். ஆனால் கட்டுரையில் சொல்லியிருந்த வழிகளைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. காலையில் அரை மணி நேரம் முன்னாடியே எழுந்து மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள், தினமும் உங்களுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சரி, ஒதுக்குகிறோம். அந்தப் பத்து நிமிடம் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? அடுப்பில் கொதிக்கிற உலையை யார் பார்ப்பது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏற்கெனவே முடிக்க முடியாமல் கிடக்கிற வேலைகளோடு நிம்மதியாக இருப்பதையும் ஒரு வேலையாகச் சேர்த்துவிட்டதுதான் மிச்சம்.

நான் இருப்பது கேரள எல்லைக்குள் இருக்கிற குமுளியில். பிறந்து வளர்ந்தது கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், தேனி மாவட்டத்துக் கம்பத்தில். வீட்டுக்காரர் தேக்கடிக்கு வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார், நான் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போகிறேன், எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர், வெடிச்ச காய் என்று உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துப் போடுகிற வேலை. முதுகு விட்டுப்போகும், ஆனாலும் தலைக்கு மேலே கூரை இருக்கிறது, தோட்டத்துக்குப் போகிறவர்களோடு வைத்துப் பார்த்தால் நான் கொடுத்துவைத்தவள். மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாசகர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்: கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கத்திலிருந்து விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வந்து, களையெடுத்து, காய் எடுத்து, பொழுது சாயத் திரும்புகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் கைப்பிள்ளைக்காரிகளும் உண்டு. ஜீப் கிளம்புகிற நேரத்துக்கு எந்த மாநிலத்து அங்கன்வாடியும் திறந்திருக்காது. தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அம்மாச்சி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கிடத்திவிட்டு ஓட வேண்டும். இந்தப் பெண்ணிடம் போய் அரை மணி நேரம் முன்னாடி எழுந்திரு என்றால் அவள் என்ன சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்? அவள் எழுவதே மூன்றரை மணிக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், ஏலத்தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள் வந்ததுதான். ஆனால் தோட்டம் 5 ஹெக்டேராவது இருக்க வேண்டும், ஏலத்தோட்டங்களில் பெரும்பாலும் அதைவிடச் சின்னவை. அப்புறம் 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றார்கள். எங்கள் கடையில் மொத்தமே ஆறு பேர். தமிழ்நாட்டில் அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு 2021-லிருந்து ஒரு வருடம் விடுப்பு. நல்ல விஷயம், எனக்குப் பொறாமை இல்லை (கொஞ்சம் இருக்கிறது). ஐம்பது பேர் இல்லாத இடங்களில்தான் எங்கள் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் வேலை செய்கிறோம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் அத்தைக்கு ஒரு வசனம் உண்டு, உங்கள் வாசகிகள் எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார்கள்: "நாங்கெல்லாம் ஏழு பெத்தோம், எங்களுக்கு இந்த டென்சன் எல்லாம் வந்துச்சா?" ஏழு பெற்றது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏழாவதைத் தூக்கி வளர்த்தது இரண்டாவது மகள். முற்றத்தில் கொழுந்தியா இருந்தாள், பக்கத்துக் குச்சிலில் பெரியம்மா இருந்தாள், பிள்ளை அழுதால் யாரோ ஒருவர் கையில் இருக்கும். பெற்றவளை அடுப்பங்கரைப் பக்கம் விடாமல் பத்தியச் சோறு போட்டு நாற்பது நாள் படுக்க வைத்தார்கள், தீட்டு என்று சொல்லித்தான் வைத்தார்கள், அந்தக் காரணத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அவள் உடம்பு கொஞ்சம் தேறியது. இப்போது எங்களுக்கு வாடகைக்கு இரண்டு அறை, வீட்டுக்காரர் சீசன் நேரத்தில் விடிய எடுத்த வண்டியை ராத்திரிதான் நிறுத்துகிறார், அம்மா மலைக்குக் கீழே, மாமியாருக்கு முழங்கால் வலி. வேலை குறையவில்லை, கைகள்தான் குறைந்துபோய்விட்டன. அரசாங்கமே எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது, 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். பிள்ளை பார்ப்பது, வயசானவர்களைப் பார்ப்பது எல்லாம் இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு, அதிலும் பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75.

நம் பக்கத்து வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. இரண்டாவதுக்கும் போகலாம், ஆனால் மூத்ததுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அதனால் சீக்கிரம் திரும்பி வர வேண்டியிருக்கும். எல்லையில் இருக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும், அதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். எனக்குச் சின்னவன் தேனி மாவட்டத்தில் பிறந்தான். அங்கே கிராம சுகாதார செவிலியர் பதிவு போட்டு, எண் கொடுத்து, மாத்திரை கொடுத்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தமிழ்நாட்டில் 18,000 ரூபாய் கொடுக்கிறார்கள், அதில் 14,000 பணம், மீதி சத்துணவுப் பெட்டகம். பிள்ளை பிறந்தால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள் என்று ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும் என்று நாடு முழுக்க ஒரு முறை இருக்கிறது. நல்ல முறை. ஆனால் இரண்டாம் மாதமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறிவிட்டால் கீழே இருக்கிறவர்கள் கணக்கில் நான் கேரளாவுக்குப் போனவள், இங்கே இருக்கிறவர்கள் கணக்கில் எங்கேயோ பெற்றுக்கொண்டு வந்தவள். பிள்ளைக்கு ஒன்றும் குறைவில்லை, தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருந்தேன், எங்கே நீட்டினாலும் ஊசி போட்டார்கள். பெற்றவளுக்கு அப்படி ஒரு அட்டை கிடையாதே.

பிள்ளை எத்தனை கிலோ, பால் குடிக்கிறானா, மலம் போகிறானா, இதையெல்லாம் இரண்டு மாநிலத்திலும் கேட்டார்கள். நீ தூங்குகிறாயா என்று கேட்டவர் இல்லை. கேரளத்தில் 'அம்ம மனசு' என்று கர்ப்பிணிகளிடமும் பிரசவித்தவர்களிடமும் மனசைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பதற்கே ஒரு திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம், ஆனால் அது பட்டியலில் பெயர் இருந்தால்தானே வீட்டுக்கு வரும். எங்கள் தெருவுக்கு வரும் ஆஷா சேச்சி தங்கமானவர், அவரை ஒன்றும் சொல்ல மாட்டேன். வாசலில் நின்று "சுகமாணோ மோளே?" என்று கேட்பார், நாமும் "சுகம்தான் சேச்சி" என்போம், அவருக்கும் இன்னும் முப்பது வீடு ஏற வேண்டும். ராத்திரி முழுக்கக் கண் கொட்டாமல் கிடந்ததை அரைகுறை மலையாளத்தில் வாசற்படியில், அதுவும் மாமியார் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, எப்படிச் சொல்வது?

பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. துணி துவைக்கிற கல்லில் கையை வைத்தால் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். சீதளம் என்றார் ஒருவர், வீட்டுக்குப் போக வர இருந்த ஒரு பெரியம்மா "காத்துக் கருப்பு அண்டியிருக்கும், மந்திரிச்சிரு" என்றார், மந்திரித்தும் பார்த்தோம், வேப்பிலை வாசம் நன்றாக இருந்தது, வேறொன்றும் மாறவில்லை. கடைசியில் சின்னவனுக்குச் சளி என்று போன இடத்தில் ஒரு டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையை நர்ஸிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, என்னை உட்கார வைத்துக் கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தமும் குறைவு, தைராய்டிலும் கோளாறு. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு இப்படிச் சறுக்கும், அது மனசையும் சேர்த்து இழுக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது, அப்படியிருக்க ஒரு தாய் சோர்ந்து உட்கார்ந்தால் முதலில் ரத்தம் பார்க்கத்தானே சொல்ல வேண்டும்? யோகா செய் என்கிறார்கள்.

அந்த டாக்டரம்மா சொன்ன இன்னும் சிலவற்றை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பிரசவமாகி இரண்டு மூன்று நாளில் அழுகை அழுகையாக வருவதும் சட்டென்று எரிந்து விழுவதும் நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, பசி இல்லை, தூக்கம் இல்லை, பிள்ளை மேல் ஒட்டுதல் வரவில்லை, நான் இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது என்றால் அது நோய், மருந்து உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்தும் உண்டு, எது என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். காதில் குரல் கேட்கிறது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள், நாள் கணக்கில் தூங்காமல் ஏதேதோ செய்கிறாள் என்றால் அவளையும் பிள்ளையையும் தனியாக விடவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஊரில் இதைத்தான் பிரசவச் சன்னி, பேய் என்று சொல்லி மந்திரிக்கிறவரிடம் முதலில் கொண்டுபோகிறார்கள், அதில் போகிற நேரம் உயிர் சம்பந்தப்பட்டது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்தே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, 1987-இல் வந்தது, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று மட்டும்தான் கேட்கும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். தடுப்பூசி போடுகிற நாளில் பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரத்தானே சொல்கிறார்கள், அந்த அரை மணி நேரத்தில் தாயிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கணக்கு வந்தது: பெற்ற தாய்மாரில் 100-க்கு 22 பேருக்கு இந்த மனச்சோர்வு. ஐந்தில் ஒருத்தி. காலை ஜீப்பில் எப்படியும் ஐந்து பேருக்கு மேல்தான் அடைத்துக்கொண்டு போகிறார்கள்.

இன்னொன்று, பச்சைப்பிள்ளை அழுகை. ஆறு வாரம் வாக்கில் அழுகை உச்சத்துக்குப் போகும், பால் கொடுத்தாலும் தோளில் போட்டாலும் நிற்காமல் சாயங்காலமெல்லாம் கத்தும், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். இதை முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் "எனக்குப் பால் பத்தலையோ, நான் சரியா வளக்கலையோ" என்று உருகாமல் இருப்பார்கள். தாங்க முடியாமல் கோபம் தலைக்கேறினால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து நில்லுங்கள். ஐந்து நிமிடம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் ஆகும், மூளையில் ரத்தம் கசியும், உயிரே போகும். இதைப் பெரியவர்கள், அப்பாக்கள் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

அப்பாக்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்பார். அந்தச் சொல்லுகிற வேலைதான் பெரிய வேலை என்பது அவருக்குப் புரிய வைக்கவே எனக்கு வருடக்கணக்கானது. கேஸ் எப்போது தீரும், ரேஷன் கார்டு இன்னும் கீழே இருக்கிறது யார் போய் ரேகை வைப்பது, மகளுக்கு நாளைக்கு என்ன யூனிபார்ம், சின்னவனுக்கு அடுத்த ஊசி எப்போது, எல்லாம் என் தலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், காய் பிரிக்கும்போதும் ஓடும். இப்போது ஊசி விஷயத்தை மொத்தமாக அவரிடம் விட்டுவிட்டேன். தேதி பார்ப்பது, அட்டையை எடுப்பது, கூட்டிக்கொண்டு போவது, ராத்திரி காய்ச்சல் வந்தால் எழுந்து மருந்து கொடுப்பது வரை அவருடையது. நான் ஞாபகப்படுத்துவது இல்லை. முதலில் மாமியாருக்குப் பிடிக்கவில்லை, ஆம்பளைப் பிள்ளையை இப்படி அலைய விடுறியே என்றார். அவர் அலையவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னும் இரண்டு டிரைவர்களைப் பிடித்து அரசியல் பேசிவிட்டு வருகிறார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகள் படிக்கும் பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லாப் பள்ளியிலும் இதே கதைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மலையாளத்தில் ஒரு செய்தி வரும், நாளைக்கு சார்ட் பேப்பரும் காய்ந்த இலையும் கொண்டுவர வேண்டும் என்று. எனக்கு மலையாளம் பேச்சு வரும், எழுத்து தட்டுத்தடுமாறித்தான். அதை மகளே படித்துச் சொல்லி, கடை மூடியிருக்க, காலண்டர் அட்டையைக் கிழித்து ஒப்பேற்றி, இதில் சின்னவன் எழுந்து அழ. அந்தக் குழுவில் அம்மாக்கள் எண்கள் மட்டும் இருக்கின்றன. அப்பாக்கள் எண்ணையும் சேருங்கள் என்று டீச்சரிடம் சொன்னேன், சிரித்தார், இன்னும் சேர்க்கவில்லை.

எங்கள் தெருப் பெண்கள் நாங்களாகச் செய்துகொண்டது ஒன்று உண்டு. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு (கேரளத்தின் மகளிர் சுய உதவிக் குழு) வாரம் ஒருமுறை கூடுகிறோம் அல்லவா, அது முடிந்ததும் ஒரு மணி நேரம் கூடுதலாக எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் விட்டு, முறை வைத்து ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். மற்றவர்கள் அவரவர் வீட்டில் போய்த் தூங்குகிறோம். யாரும் நாட்குறிப்பு எழுதுவதில்லை. தமிழ்க்காரி, மலையாளி என்ற வித்தியாசமெல்லாம் இல்லை, தூக்கத்துக்கு ஏது மொழி. இது எல்லா ஊரிலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு இது எட்டவும் எட்டாது, அவர்களுக்கு ஜீப் கிளம்பும் நேரத்துக்குத் திறக்கிற காப்பகம்தான் வேண்டும்.

மனசு சரியில்லாதபோது கூப்பிட்டுப் பேச அரசாங்கம் வைத்திருக்கிற டெலிமானஸ் என்ற எண் 14416. 2022-லிருந்து இருக்கிறது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், எந்த மாநிலத்திலிருந்து கூப்பிட்டாலும். எல்லையில் பட்டியலில் விடுபட்டுப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒன்றுதான் இப்போதைக்கு வழி, ஆனால் ஜீப்பில் போகிற பெண்களில் நான் கேட்டவரை ஒருத்திக்கும் இந்த எண் தெரியவில்லை. அடுத்த முறை இந்த விஷயத்தைப் பற்றி எது எழுதினாலும் கீழே அந்த எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் கம்பம், கூடலூர், போடியில் ஜீப் ஏறுகிற இடங்களிலும் குமுளி பஸ் ஸ்டாண்டிலும் இரண்டு மொழியிலும் எழுதி வைக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். சித்ரா பௌர்ணமிக்கு எல்லை மலையில் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயில் திருவிழா என்றால் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் அதிகாரிகளோடு உட்கார்ந்து வாகனம், குடிதண்ணீர், மருத்துவக் குழு என்று ஒன்றுவிடாமல் பேசி முடிக்கிறார்கள். ஒரு நாள் திருவிழாவுக்கு இரண்டு மாநிலமும் பேச முடிகிறது. வருடம் முழுக்க மலையேறி இறங்குகிற கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை இரண்டு பக்கத்து செவிலியர்களும் மாதம் ஒருமுறை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது என்று அந்தக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டுவிடலாம். கலெக்டர் அலுவலகத்தில் யாராவது உங்கள் நாளிதழ் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் பெயர் போட வேண்டாம், மாமியாரும் உங்கள் வாசகி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குமுளி.